விளக்குமாறு முதல் ரோபோ வரை



விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். சோழர் கடாரம் வென்ற கதையை எழுதலாமா, வேறு எதையாவது எழுதலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், என்னிடம் படித்த பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். தானா ராத்தா பக்கம் ஓர் ஓட்டலில் துப்புரவு வேலை பார்க்கிறவள்.

"சார், எங்க ஓட்டலுக்கு ரெண்டு ரோபோ வாங்கி வச்சிருக்காங்க. வட்டமா, தட்டு மாதிரி இருக்கு. தானா ஓடி தானா கூட்டுது. எங்க வேலை போயிடுமா சார்?" என்றாள்.

"ரெண்டும் எப்படிம்மா கூட்டுது?" என்று கேட்டேன்.

"நடைபாதையில நல்லாத்தான் ஓடுது. ஹால்ல மொத்தமான கார்ப்பெட் இருக்குல்ல, அதுல ஏறினா திணறுது. கறுப்புப் பூ போட்ட இடத்துக்கு ஒண்ணு போகவே மாட்டேங்குது சார். பேயைக் கண்ட மாதிரி பின்னால வருது!"

சிரித்துக்கொண்டோம். ஆனால் அவள் கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதன்று. வயிற்றுப்பாட்டைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை தேடப் போனபோது, கூட்டிப் பெருக்கும் வேலைக்கும் ஒரு பெரிய வரலாறு இருப்பதைக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலைக்கு வந்த கம்பளம்

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885 ஆம் ஆண்டில் நம் மலைப்பகுதியைக் கண்டு எழுதிவைத்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929 இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1937 இல் ஸ்மோக்ஹவுஸ் விடுதி திறக்கப்பட்டது. தோட்டத்துத் துரைமார்களின் பங்களாக்களும் எழுந்தன. கணப்பு அடுப்பும் தரையில் கம்பளமுமாக, இங்கிலாந்து வீட்டையே தூக்கிவந்து இந்தக் குளிருக்குள் வைத்தது போன்ற அமைப்பு.

கம்பளம் விரித்தவர் ஒருவர். அதைச் சுத்தம் செய்தவர் வேறொருவர். என் பாட்டி அப்படி ஒரு பங்களாவில் கூட்டிப் பெருக்கியவர். "சிமெந்துத் தரையில குப்பை கண்ணுக்குத் தெரியும். கம்பளத்துல மண்ணு உள்ளே போய் ஒளிஞ்சுக்கும்டா. மேல தடவினா வராது; தட்டி எழுப்பணும்" என்பார். அந்த ஒரு பேச்சில் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

உண்மைதான். தடித்த கம்பளத்தில் மணல் மேலே தங்குவதில்லை. மிதிக்க மிதிக்க நூல்களுக்கிடையே இறங்கி அடியில் போய் உட்காரும். அங்கேயே கிடந்து, நடக்கும்போதெல்லாம் நூலின் வேரை அறுக்கும். ஆகவே அந்தக் காலத்தில் கம்பளத்தை வெளியே தூக்கிச் சென்று, கயிற்றில் போட்டு, பிரம்பால் அடித்தார்கள். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது பிள்ளைகளுக்குப் பொருந்துமோ என்னவோ, கம்பளத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

தேயிலைச் சக்கை செய்த வேலை

தூக்க முடியாத பெரிய கம்பளத்துக்கு என்ன செய்தார்கள்? நம் தோட்டத்தார் கேட்டு மகிழக்கூடிய செய்தி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தேநீர் வடித்த சக்கையைப் பிழிந்து, ஈரம் காயாமல் கம்பளத்தில் தூவிவிட்டுப் பிறகு கூட்டினார்கள். ஈரச் சக்கை தூசியைப் பிடித்துக்கொள்ளும். தூசி பறந்து மூக்கில் ஏறாது.

அந்தத் தேயிலை எங்கிருந்து போயிற்று? முதலில் சீனாவிலிருந்து. பின்னர் அஸ்ஸாமிலிருந்து. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு, அந்த மலைநாட்டில் நம் இனத்துப் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் கப்பலேறியது. கொழுந்து கிள்ளியது ஏழைக் கை. அதன் சக்கையைத் தூவிக் கம்பளம் கூட்டியதும் ஏழைக் கை. இடையில் இருந்தவர் தேநீர் மட்டும் அருந்தினார்!

உருளும் தூரிகை

கூட்டும் வேலைக்கு முதலில் பேர்பெற்ற பொறியைத் தந்தவர் அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் கடைக்காரர் மெல்வில் பிஸ்ஸல். தள்ளினால் சக்கரம் சுழலும். சக்கரத்தோடு தூரிகையும் சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் வாரிப்போடும். 1876 இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். மின்சாரம் வேண்டியதில்லை. 1889 இல் அவர் இறந்ததும் அவர் மனைவி அன்னா பிஸ்ஸல் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். பெண்கள் தொழிற்சாலைத் தலைமையில் அமர்வது மிக அரிதாயிருந்த காலம் அது. நம் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் தூரிகை உண்டு. உறிஞ்சும் காற்று இல்லை. மேல் குப்பை வந்தது. அடி மண் வரவில்லை.

உறிஞ்சிப் பார்த்த பொறியாளர்

இலண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றை ஊதித் தூசியை விரட்டும் ஓர் எந்திரத்தைக் கண்டார். ஊதினால் தூசி ஓரிடம் விட்டு ஓரிடம் போகுமே தவிர ஒழியாதே! ஏன் உறிஞ்சக் கூடாது என்று எண்ணினார். உணவகத்து மெத்தை நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சினாராம். இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையில் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. ஆம்! வேக்குவம் பிறந்தது அந்த இருமலில்தான்.

1901 இல் அவர் செய்த பொறி வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் பெட்ரோல் எந்திரம் தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியே உள்ளே போகும். சீமாட்டிகள் அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே தேநீர் விருந்து வைத்தார்களாம். 1902 இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்களை இந்தப் பொறிதான் சுத்தம் செய்தது.

இங்கே உறிஞ்சும் காற்று உண்டு. ஆனால் மன்னருக்குக் கட்டுபடியாகும் பொறி, மற்றவர் வீட்டுக்கு எப்படி வரும்?

கூட்டுகிறவர் கண்டுபிடித்தது

இப்போது வருகிறது முக்கியமான கட்டம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் இரவு நேரத்தில் கூட்டும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்கிலர். வயது ஏறக்குறைய அறுபது. ஆஸ்துமா நோயாளி. கம்பளத்தைப் பெருக்கும்போதெல்லாம் தூசி எழுந்து மூச்சு முட்டியது. வேலையை விடவும் வழியில்லை.

அவர் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரை எடுத்தார். ஒரு பெட்டி, விளக்குமாற்றுக் கம்பு, தூசி சேரத் தலையணை உறை ஆகியவற்றை இணைத்தார். கீழே ஒரு சுழலும் தூரிகையையும் பொருத்தினார். தூரிகை அடி மண்ணைக் கிளப்பும். காற்று அதை உறிஞ்சும். உறை அதைப் பிடித்துவைக்கும். பிஸ்ஸலின் தூரிகையும் பூத்தின் காற்றும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு கையால் தள்ளக்கூடிய கருவியாயின. 1908 ஜூன் 2 ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

பணம் இல்லாததால் அதே ஆண்டில் உரிமையை வில்லியம் ஹூவர் என்ற தோல் வணிகருக்கு விற்றார். 1915 இல் ஸ்பாங்கிலர் இறந்தார். இன்றும் ஆங்கிலேயர்கள் தூசி உறிஞ்சுவதை "ஹூவர்" செய்வது என்றே சொல்கிறார்கள். ஸ்பாங்கிலர் பெயரைச் சொல்வார் அரிது.

1926 இல் ஹூவர் நிறுவனம் அந்தத் தூரிகை உருளையில் கம்பளத்தைத் தட்டும் உலோகப் பட்டைகளையும் சேர்த்தது. என் பாட்டி சொன்ன "தட்டி எழுப்பணும்" என்ற வித்தை கடைசியில் எந்திரத்துக்குள் ஏறிவிட்டது!

தானாக ஓடும் தட்டு

சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் ஆளில்லாமல் ஓடும் பொறியின் மாதிரியை 1996 இல் காட்டி, 2001 இல் 'டிரைலோபைட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 2002 இல், அமெரிக்காவின் ஐரோபோ நிறுவனம் 'ரூம்பா'வை 199 டாலருக்கு விற்றது. அது சுவரில் முட்டித் திரும்பித் திரும்பி ஓடியது. 2010 இல் நியாட்டோ நிறுவனத்தின் பொறி லேசர் ஒளியால் அறையை அளந்து, உழவன் சால் ஓட்டுவது போல் வரிசையாக ஓடியது. இன்று பல நிறுவனங்களின் பொறிகள் படம் வரைந்து, பாதை தெரிந்து ஓடுகின்றன.

அப்படியானால் மாணவியின் ஓட்டலில் அவை ஏன் திணறின? முதற்காரணம் உடல்வாகு. கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதற்காக ரோபோவைத் தட்டையாகச் செய்கிறார்கள். உயர்ந்த நூல் கம்பளத்தில் சிறு சக்கரங்கள் புதையும், வயிறு நூலில் உரசும், தூரிகை சிக்கும்.

இரண்டாவது, தெம்பு. மின்கம்பியில் ஓடும் 900 வாட் பொறி ஐந்தே நிமிடத்தில் 75 வாட் மணி மின்சாரம் உண்ணும். ரோபோவின் பேட்டரி முழுவதும் நிறைந்தாலும் பெரும்பாலும் 25 முதல் 75 வாட் மணிதான். அதை வைத்துக்கொண்டு அது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். கஞ்சி குடித்துவிட்டு மூட்டை தூக்கச் சொன்னால் எப்படி?

மூன்றாவது, கண். மாடிப்படியில் விழாமலிருக்க, பல ரோபோக்கள் கீழ்நோக்கி அகச்சிவப்பு ஒளியை விடுகின்றன. ஒளி திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் பள்ளம். கறுப்புக் கம்பளம் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. பாவம், ரோபோ அதைக் கிடுகிடு பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்குகிறது. மாணவி கண்ட 'பேய்' இதுதான்.

ஒப்பிடுவது எப்படி?

விளம்பரத்தில் பத்தாயிரம் பாஸ்கல், இருபதாயிரம் பாஸ்கல் என்று எண் போடுகிறார்கள். அது வாயை அடைத்தால் எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு. தடித்த கம்பளத்தில் அதைவிடத் தூரிகையும், ஓடும் காற்றின் அளவும், சக்கரத்தின் வலுவும் முக்கியம். நூல் சிக்கும் என்று பயந்தால் ரப்பர் உருளை நல்லது. கம்பளம் ஏறியதும் தானே வேகம் கூட்டும் பொறியும் உண்டு. நனைத்துத் துடைக்கும் துணி கட்டிய பொறியானால், கம்பளத்தில் அந்தத் துணி மேலே தூக்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாணவிக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தேன். கம்பளத்தில் ஒரே அளவில் இரண்டு கட்டம் குறி. 100 கிராம் காய்ந்த மணலை ஒவ்வொன்றிலும் தூவிக் காலால் நன்றாகத் தேய்த்து இறக்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு பொறி. பிறகு சேர்ந்த மணலை நிறுத்துப் பார். ஆய்வுக்கூடங்களும் அடிப்படையில் இப்படித்தான் பார்க்கின்றன.

அவள் மேலாளர் முன்னிலையில் செய்து பார்த்தாள். இரண்டு ரோபோக்களும் பாதி மணலைக்கூட எடுக்கவில்லை. தூரிகை உருளையுள்ள பழைய தள்ளு வேக்குவம் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. மெல்லிய விரிப்புள்ள நடைபாதையிலோ ரோபோக்கள் குறையின்றி வேலை செய்தன.

முடிவு என்ன? நடைபாதை ரோபோவுக்கு, ஹால் மனிதருக்கு. இது நமக்குப் புதிதா? தேயிலை மலையில் கையால் கிள்ளினோம். பிறகு கத்தரி வந்தது. பிறகு இருவர் பிடிக்கும் எந்திரம் வந்தது. எந்திரம் சரிவு குறைந்த இடத்தில் ஓடுகிறது. செங்குத்தான இடத்தில் இன்னும் கத்தரிதான். எந்த எந்திரத்துக்கும் அதன் நிலம் அறிந்தே வேலை தர வேண்டும்.

ஆனால் உள்ளதை மறைக்கக் கூடாது. "நடைபாதைக்குக் கிடைச்ச ஓவர்டைம் போயிடுச்சு சார்" என்று மாணவி பின்னர் வந்து சொன்னாள். வேலை போகவில்லை; வருமானம் குறைந்தது. ரோபோக்களின் தூரிகையில் சிக்கிய முடியை எடுப்பதும், பழுது பார்ப்பதும் இப்போது அவள் பொறுப்பு. "அதுக்கும் சம்பளம் கேளும்மா" என்றேன். கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் அம்மா பங்களாவிலோ, ஓட்டலிலோ, நம் பள்ளியிலோ கூட்டுகிறவராக இருந்தால் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பெரிய பொறியாளர் பாதி கண்டுபிடித்ததை முழுதாக்கியவர், விளக்குமாறு பிடித்த ஒரு கிழவர். வேலையின் கஷ்டம் தெரிந்த கைக்குத்தான் எந்திரத்தில் என்ன குறை என்று தெரியும். அந்தக் கைக்குக் கணக்கும் அறிவியலும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதோடு, தன் கண்டுபிடிப்பை விற்றுவிடாமல் காத்துக்கொள்ளும் சட்ட அறிவும் சேர்ந்தால்?

இன்று பரிசு வாங்கப்போகிறவர்களும், அடுத்த ஆண்டு வாங்கப்போகிறவர்களும் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: "கம்பளத்து மண்ணை எப்படிம்மா எடுப்பே?" அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டு எழுதிவையுங்கள். தடித்த கம்பளத்தை வெல்லும் ரோபோவை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை. அது உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.