கண்ணாடியிலிருந்து குதித்தவன்

நான்காம் லெவலின் முடிவில், வெளியேறும் கதவைத் திறந்துவிட்டு நிம்மதியாக ஓடிவரும்போது, வழியில் ஒரு கண்ணாடி நிற்கும். சற்றுமுன் அதே இடத்தைத் தாண்டித்தான் போயிருப்போம். அப்போது அது அங்கே இல்லை. சுற்றிப்போக இடமில்லை. பின்னால் நகர்ந்து, வேகமெடுத்து ஓடிவந்து, அதற்குள்ளேயே பாய வேண்டும். இளவரசன் இந்தப் பக்கம் வந்து விழுவான். அந்தப் பக்கம், அச்சு அசலாக அவனைப் போலவே ஒருவன் குதித்து எதிர்த்திசையில் ஓடி மறைவான். இளவரசனின் உயிர் ஒரே ஒரு புள்ளிக்கு இறங்கியிருக்கும்.

1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எத்தனை முறை ஆடினாலும் அந்தப் பாய்ச்சலில் எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் துடிக்கிறது. ஓடி மறைந்த அந்த நிழல் எங்கிருந்து வந்தான், அந்த ஆட்டத்திலிருந்து அதன் இரண்டாம் பாகத்துக்கு எப்படிப் போனான் என்பதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

அவனுக்கு உடல் கொடுத்தது ஒரு பள்ளி மாணவன். 1985, நியூயார்க் மாநிலத்தின் சப்பாகுவா. யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 'கராத்தேகா' என்ற ஆட்டத்தை எழுதி வெற்றி கண்டிருந்த ஜோர்டன் மெக்னர், தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ரீடர்ஸ் டைஜஸ்ட் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் ஓடச்சொன்னார், குதிக்கச்சொன்னார், சுவரைப் பற்றி ஏறச்சொன்னார். எல்லாவற்றையும் வீடியோ கேமராவில் பிடித்தார். பிறகு தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, புகைப்படக் கேமராவால் எடுத்து, பிலிமைக் கழுவி அச்சுப்போட்டு, உருவத்தின் விளிம்பைக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளைத் திருத்த மையாலும் அழுத்தமாக்கி, நகலெடுத்து, ஆப்பிள் டூ கணினிக்குள் ஏற்றினார். பழைய கார்ட்டூன் படங்களில் கையாண்ட முறைதான் இது: நிஜ மனிதனின் அசைவை வரைந்து எடுப்பது. ஆனால் வீட்டுக் கணினியில் அதுவரை மனிதர்கள் இப்படி அசைந்ததில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் இளவரசன் உடனே நிற்பதில்லை, ஒரு அடி வழுக்கி நிற்கிறான். பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது கை வலிப்பது நமக்கே தெரிகிறது. அந்த எடை, டேவிட் என்ற பையனின் எடை.

அசைவுகள் இவ்வளவு அழகாக வந்ததற்கு ஒரு விலை இருந்தது. ஆப்பிள் டூவின் நினைவகம் கிலோபைட்டில் எண்ணுவது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். இளவரசனின் ஓட்டமும் தாவலும் தொங்கலுமே இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டன. எதிரி என்று ஒருவனை வரைந்து வைக்க இடமே இல்லை. மெக்னர் முதலில் அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. சண்டை இல்லாத, பொறிகளும் பள்ளங்களும் மட்டுமே உள்ள ஆட்டம் போதும் என்றிருந்தார். பிராடர்பண்ட் நிறுவனத்தில் உடன் பணியாற்றிய தோழி டோமி பியர்ஸ்தான் விடவில்லை. இதில் சண்டை வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். இடமில்லை என்பதே மெக்னரின் பதில்.

அந்த முட்டுச்சந்தில்தான் நிழல் பிறந்தான். புதிதாக ஒருவனை வரைய இடமில்லையென்றால், இருப்பவனையே இன்னொருவனாக ஆக்க முடியுமா? இளவரசனின் படத்தை எடுத்து, அதையே ஒரு பிட் தள்ளி, அதன்மேலேயே வைத்தார் மெக்னர். இரண்டும் ஒத்துப்போகும் புள்ளிகளை அணைத்து, வேறுபடும் புள்ளிகளை மட்டும் எரியவிட்டால் என்ன மிஞ்சும்? உடல் மறைந்து ஓரங்கள் மட்டும் மினுங்கும் ஒரு ஆவி. கணினிக்கு அது ஒரே ஒரு தருக்கக் கட்டளை. படங்களுக்கென்று கூடுதலாக எந்த இடமும் தேவையில்லை. இளவரசனுக்குத் தெரிந்த ஓட்டம், தாவல் எல்லாம் அவனுக்கும் தெரியும், ஏனென்றால் அவனுடையதும் இளவரசனுடையதும் ஒரே படங்கள்தான்.

பிறந்ததும் அவன் செய்த வேலைகளைப் பாருங்கள். ஐந்தாம் லெவலில், நாம் குடிக்கவேண்டிய மருந்துக் குப்பியை நம் கண்முன்னே குடித்துவிட்டுப் போகிறான். ஆறாம் லெவலில், நாம் கடைசி நொடியில் தாவும்போது பொத்தானை மிதித்து வாயிற்கதவை மூடுகிறான்; நாம் கீழே விழுகிறோம். எல்லாம் பன்னிரண்டாம் லெவலுக்காக. அங்கே வாளோடு நேருக்கு நேர் நிற்கிறான். அவனைக் குத்தினால் நமக்கு உயிர் குறைகிறது. கொன்றால் நாமும் சாகிறோம். முதல்முறை ஆடுகிறவர் இரண்டு மூன்று தரம் செத்த பிறகுதான் யோசிப்பார்: வாளை உறையில் போட்டால்? போட்டால் அவனும் போடுகிறான். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி, ஒன்றாகிவிடுகிறார்கள். அதற்குப்பின் வெறும் பள்ளத்தின்மேல் காலெடுத்து வைத்தால், காலடியில் தரை தோன்றும்.

ஒரு சொல் விளக்கம் கிடையாது, கதைசொல்லி கிடையாது. அதுவரை ஆட்டம் நமக்குக் கற்றுத்தந்த ஒரே வழி, எதிரில் நிற்பவனைக் குத்துவது. அந்த வழியைக் கைவிடவேண்டும் என்பதை விரல்கள் தாமாகக் கண்டுபிடிக்கின்றன. நான் ஆடிய ஆட்டங்களில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லச்சொன்னால் என்னால் முடியாது.

காவலாளிகள் நிழலுக்குப் பிறகு வந்தவர்கள். நிழல் தந்த துணிவில் மெக்னர் நிரலை மீண்டும் மீண்டும் சுருக்கி இடம் பிடித்தார். 1938இல் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தில் எரோல் ஃப்ளினும் பேசில் ராத்போனும் மோதும் காட்சியின் சில விநாடிகளிலிருந்து வாள்வீச்சை வரைந்தெடுத்தார். இசையைத் தந்தவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர். இந்தத் தந்தை கதையில் மீண்டும் வருவார்.

வெளிவந்த புதிதில் அமெரிக்காவில் ஆட்டம் விற்கவில்லை. ஆப்பிள் டூவின் காலம் முடிந்துகொண்டிருந்தது. டாஸ் கணினிக்கும் ஜப்பானியக் கணினிக்கும் மெக்கின்டோஷுக்கும் மாற்றியபிறகுதான் அது உலகமெங்கும் ஓடத் தொடங்கியது. 1993இல் இரண்டாம் பாகம் வந்தது: 'தி ஷேடோ அண்ட் தி ஃப்ளேம்'. தலைப்பிலேயே நிழலுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை யாராலும் குறைசொல்ல முடியாது. மந்திரவாதி ஜாஃபர் இளவரசனின் உருவத்தைத் தனதாக்கிக்கொண்டு அரண்மனையில் நிற்கிறான். உண்மையான இளவரசனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, காவலர்கள் பாய்கிறார்கள். சன்னலை உடைத்துக்கொண்டு கூரைகளின்மேல் ஓடி, துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கவேண்டும். பொத்தானை அழுத்திய முதல் நொடியிலேயே மூச்சு வாங்குகிறது. அடுத்து குகை, பறக்கும் கம்பளம், பாழடைந்த நகரம், கோயில். முதல் ஆட்டம் நிலவறையின் கல்லையும் அரண்மனையின் பளிங்கையும் மட்டுமே காட்டியது. இங்கே 256 வண்ணங்களில் தீட்டிய பின்னணிகள். முன்பு காவலாளி ஒவ்வொருவனாக வந்தான். இங்கே இரண்டு பக்கமும் சூழ்கிறார்கள். மெக்னர் கதையையும் திட்டத்தையும் தந்து மேற்பார்த்தார், கட்டியது பிராடர்பண்டின் அணி. நினைவகப் பஞ்சம் அவர்களுக்கு இல்லை.

பஞ்சம் இல்லாததுதான் என் மனத்தாங்கலும். முதல் ஆட்டத்தில் 60 நிமிடம். முதல் அடியிலிருந்து ஓடும், அதற்குள் இளவரசியை மீட்டாக வேண்டும். ஒவ்வொரு கல்லும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வைக்கப்பட்டது. இரண்டாவதில் பாம்பு, பறக்கும் தலைகள், எலும்புக்கூடுகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுகின்றன. பல இடங்களில் வழியைக் கண்டுபிடிப்பதைவிடக் கூட்டத்தை வெட்டித் தள்ளுவதே வேலையாகிவிடுகிறது. முடிவும் முடிவாக இல்லை: ஜாஃபர் எரிந்தபின் ஒரு சூனியக்காரி பளிங்குக் கோளத்தில் இளவரசனையும் இளவரசியையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் யார் என்ற கதை தொடரப்படவே இல்லை.

ஆனாலும் நிழலுக்கு அந்த ஆட்டம் செய்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். கடைசிக் கட்டங்களில் இளவரசனை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், அவன் உடலிலிருந்து நிழல் பிரிந்து வருகிறான். இப்போது அவன் எதிரி இல்லை, நம் விரலுக்குக் கட்டுப்பட்டவன். புனித நெருப்பை ஏந்தி ஜாஃபரைப் பொசுக்குவதும் அவன்தான். முன்பு கண்ணாடிக்குள் பாய்ந்து, விரும்பாமல் பறிகொடுத்த பாதியை இங்கே நாமே தெரிந்து அனுப்புகிறோம். முதல் ஆட்டத்தை ஆடாதவருக்கு இது ஒரு வித்தை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் லெவலில் வாளை உறையில் போட்டவருக்கு இதன் அருமை தெரியும்.

நிழல் பிறந்த நிரல் மட்டும் வெகுகாலம் காணாமல் போயிருந்தது. 2003இல் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' தயாரான காலத்தில் மெக்னர் அதைத் தேடிப்பார்த்தார், அகப்படவில்லை. 2012 மார்ச்சில், அவருடைய தந்தை நியூயார்க்கில் அலமாரியின் பின்புறம் கிடந்த ஒரு பெட்டியை மகனுக்கு அனுப்பிவைத்தார். அதற்குள் ஆப்பிள் டூவின் 3.5 அங்குல ஃப்ளாப்பிகள். காந்தத் தகட்டில் எழுதியது இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. பழைய ஆப்பிள் கணினிகளில் கைதேர்ந்த டோனி டியாஸும் ஆவணக்காப்பாளர் ஜேசன் ஸ்காட்டும் ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து, தகடு தகடாகப் படித்து மீட்டார்கள். மறுநாளே மெக்னர் முழு நிரலையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்.

இன்று யார் வேண்டுமானாலும் அந்த நிரலைத் திறந்து பார்க்கலாம். திரையில் தோன்றும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. இளவரசனுக்கு 0. காவலாளிக்கு 2. இடையில் இருக்கும் 1, நிழலுடையது.