முட்டுக்கட்டையின் பெருமை

ஒருவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்றால், நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்றே இன்று நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் அச்சொல் வழங்கும் தேரோடும் வீதியில் அதன் மதிப்பே வேறு. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்துத் தேரை இழுப்பர். அசையாத சக்கரத்தைப் பின்னிருந்து நெம்பித் தள்ளுவர். தேர் அசைந்துவிட்ட பிறகு, உருளும் சக்கரத்தின் முன்னே ஆப்புப் போன்ற கட்டையை உரிய நேரத்தில் இட்டு அதைத் திருப்புவோரும் நிறுத்துவோரும் சிலரே. வடம் பிடித்த அத்தனை பேர் உயிரும் அச்சிலர் கையில் இருக்கிறது.

பாரமான வண்டிகளை இழுக்கவும் உயர்த்தவும் மனிதன் கண்ட கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முட்டுக்கட்டையே நினைவுக்கு வருகிறது. ஒன்றை அசைக்கும் ஆற்றல் வேறு. அசைந்ததை நிறுத்தித் தாங்கும் ஆற்றல் வேறு. முன்னதைப் பெற்றவுடன் பின்னதும் கைவந்துவிட்டதாக எண்ணுவதே பல விபத்துகளுக்குக் காரணம்.

சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஆட்களும் சரக்கும் ஏற்றிய கப்பலொன்றைக் கப்பிகளின் துணையால் தாம் ஒருவராகவே இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கயிறு பல கப்பிகளில் ஓடிவரும்போது இழுக்கும் விசை பன்மடங்காகிறது. அதற்கு ஈடாகக் கயிற்றை நெடுந்தூரம் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கையை விட்டால் கயிறு மீண்டும் ஓடிவிடும். கப்பிக்கு இழுக்கத் தெரியும், பிடித்துக்கொள்ளத் தெரியாது.

திருகு அவ்வாறன்று. திருகு ஜாக்கியைச் சுழற்றினால் பாரம் மெல்ல மேலெழும். கையை எடுத்தாலும் கீழிறங்காது. மரைகளின் சரிவு சிறிதாகவும் அவற்றுக்கிடையே உராய்வு போதியதாகவும் இருப்பதே காரணம். எனினும் அதற்குப் பெருமுயற்சி வேண்டும், நேரமும் மிகும்.

அக்குறையை நீக்க வந்தது நீரின் விசை. மூடிய கலத்தில் உள்ள நீரின்மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விதியைக் கொண்டு, 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உந்துதண்டைப் போல் 50 மடங்கு பரப்புள்ள பெரிய தண்டின்மேல், 1 கிலோ விசை 50 கிலோ விசையாகும். 1851இல் நியூயார்க்கின் ரிச்சர்டு டட்ஜியன் இதே தத்துவத்தில், எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் தம் கையால் பல டன்களை உயர்த்த முடிந்தது. ஆனால் இந்த வலிமை முழுவதும் உள்ளிருக்கும் ஒரு சிறு அடைப்பு வளையத்தையே நம்பி நிற்கிறது. அது தேய்ந்து கசிந்தால் பாரம் இறங்கிவிடும்; வெடித்தால் ஒரு நொடியில் வீழ்ந்துவிடும்.

மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் இதே பாடத்தை அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் கற்றார். 1916இல், ஓடையில் கவிழ்ந்து கிடந்த ஒரு ஃபோர்டு வண்டியைப் பல ஆட்கள் கட்டைகளும் கயிறுகளும் கொண்டு நெடுநேரம் போராடியே வெளியேற்ற முடிந்தது. அதைக் கண்ட அவர், 1913ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியொன்றில் மூன்று கம்பங்களும் ஒரு கப்பியும் சங்கிலியும் பொருத்தி மீட்பு வண்டி ஒன்றை அமைத்தார். ஆனால் பாரத்தை இழுக்கையில் இழுக்கும் வண்டியே நிலைகுலைந்தது. பிறகு இருபுறமும் தரையில் ஊன்றும் கால்களை அமைத்த பின்னரே அது பயன்பட்டது. மீட்பு வண்டியின் சிறப்பு அதன் சங்கிலியில் மட்டுமன்று, அந்த ஊன்றுகால்களிலும் இருக்கிறது என்பது என் கருத்து. அதே நகரில் 1995இல் இத்தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பணியில் உயிர்நீத்த மீட்புத் தொழிலாளருக்காக 2006இல் அங்கே நினைவுச் சுவர் ஒன்றும் எழுந்தது. இத்தொழிலின் விலையை அச்சுவர் சொல்கிறது.

அதே மாநிலத்து மெம்பிஸ் நகரில், 1925ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீட்டர் லுனாட்டி, முடிதிருத்தும் நாற்காலி உயர்வதைக் கண்டு, மோட்டார் வண்டியையே தூக்கி நிறுத்தும் நீரழுத்த மேடையை அமைத்தார். இன்றைய பழுதுபார்ப்பு நிலையங்களில் உள்ள மேடைகளில், அழுத்தம் தவறினாலும் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கும் இரும்புப் பூட்டுகளும் உள்ளன. தூக்குவது எண்ணெயின் வேலை. தாங்குவது இரும்பின் வேலை.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சாலையோரத்தில் ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுத்து வேலை செய்யும் இளைஞரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துதல், தரையைவிட்டு எழாத சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல், வண்டி செய்தோர் குறித்த இடத்தில் ஜாக்கியை ஊன்றுதல், உயர்த்திய உடனே உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கி வைத்தல், அதன் பிறகே அடியில் செல்லுதல் ஆகிய இவை சிறு செயல்கள். ஆனால் ஒன்றும் விடத்தக்கதன்று. அடுக்கிய செங்கற்கள் தாங்கிகள் ஆகமாட்டா. வண்டியை வண்டியால் இழுக்கும்போது, விறைத்து நிற்கும் கயிற்றுக்கோ சங்கிலிக்கோ அருகில் எவரும் நிற்கலாகாது. அது அறுந்தால் சவுக்கைப்போல் திரும்பி அடிக்கும். இழுக்கப்படும் வண்டியின் யந்திரம் ஓடாவிட்டால் தடுப்பு மிதி கடினமாகும் என்பதையும் அதைச் செலுத்துவோர் மறக்கலாகாது.

திருவாரூரின் ஆழித்தேர் நெடுநாள் ஓடாதிருந்து 1970இல் மீண்டும் ஓடியது. அதற்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் நீரழுத்தத் தடுப்புக் கருவி பொருத்தினர். ஆயினும் அத்தேருடன் முட்டுக்கட்டை ஏந்துவோர் இன்றும் செல்கின்றனர். புதிய கருவி வந்ததென்று பழைய காவலை அவர்கள் கைவிடவில்லை. நம் வண்டிகளுக்கடியில் புகும் ஒவ்வொருவரும் கொள்ளவேண்டிய அறிவு அதுவே.