பேஸ் பெட்டியும் அதை இயக்கும் வலுவும்

பசிவ் சப்வூஃபர் எனப்படுவது மரப்பெட்டிக்குள் பொருத்திய ஒரு பெரிய ஸ்பீக்கர் மட்டுமே. அம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாததால் அதை இயக்கும் வலு வெளியிலிருந்து வரவேண்டும். அம்ப்ளிஃபயருக்குரிய இடம் பெட்டியின் உள்ளேயா வெளியேயா என்பது ஒலிபெருக்கியின் வரலாற்றில் மாறிமாறி வந்திருக்கிறது.

ரைஸ், கெலொக் என்ற இரு அமெரிக்கர்கள் 1925இல் இன்றைய வகை இயங்குசுருள் ஒலிபெருக்கியை அறிமுகப்படுத்தினர். அதை வைத்து மறு ஆண்டு ஆர்.சி.ஏ. விற்ற ரேடியோலா 104இல் அம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியதும் 1925 டிசம்பரில்தான். பின்னர் வந்த வீட்டு வானொலிகளில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருந்ததால், எந்த ஸ்பீக்கருக்கு எந்த அம்ப்ளிஃபயர் என்ற கேள்வி எழவில்லை.

1977இல் இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதை அண்டிய காலத்தில் சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற ஊர்களிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் தொழிலுக்குப் போனோர் கசெட் றேடியோக்களுடன் ஊர் திரும்பினர். அவற்றின் சிறிய ஸ்பீக்கரால் ஆழ்ந்த பேஸ் தர இயலாது. மீடிறன் பாதியாகும்போது அதே சத்த அளவைத் தக்கவைக்க ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். பேஸுக்கென்று தனிப்பெட்டி பிறந்ததற்குக் காரணம் இதுவே.

பெட்டியின் அளவைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும் முறையை அவுஸ்திரேலியாவில் தீல் 1961இலும் ஸ்மோல் 1970களிலும் வகுத்தனர். 1992இல் டொல்பி டிஜிட்டல் திரையரங்குகளில் பேஸுக்குத் தனித்தடம் ஒதுக்கியது; டீவீடி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்ந்தமருதின் கரையோர வீடுகளைச் சாமான்களோடு அழித்தபின், மீளக் கட்டிய வீடுகள் எழுந்தது இந்த டீவீடிக் காலத்தில்.

அக்காலத்து ஹோம் தியேட்டர் செட்டுகள் பலவற்றில் அம்ப்ளிஃபயர் முழுவதும் டீவீடி பிளேயருக்குள் இருந்தது. சப்வூஃபர் வெறும் பசிவ் பெட்டி. சிக்கனம் தயாரிப்பாளருக்கு, தலையிடி வாங்கியவருக்கு. பிளேயர் பழுதானால், கெடாத சப்வூஃபரும் ஊமையாகிவிடும். வேறொரு ரிசீவரின் ‘சப் அவுட்’ துளையில் அதைக் கொழுவினாலும் பயனில்லை. அங்கே வருவது சைகை மட்டும். கூம்பை அசைக்கும் வலு அதில் இல்லை. இடையில் தனி அம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். ஏற்கெனவே வடிக்கப்படாத முழுச் சைகையை எடுத்தால், அதற்கு முன்னே ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் வடியும் வேண்டும்.

அம்ப்ளிஃபயரைத் தெரிவுசெய்யும்போது ஓம் அளவே முதலில் பார்க்க வேண்டியது. இந்தப் பெட்டிகளில் 3, 4 ஓம் சாதாரணம். குறைந்தது 8 ஓம் என்று குறித்த அம்ப்ளிஃபயரை அவற்றுடன் இணைத்தால் அது சூடேறிப் பழுதாகலாம். 20 வோல்ற்று 8 ஓமில் 50 வாற்றுத் தரும், 4 ஓமில் 100 வாற்றுத் தரும். கார் பற்றரியின் 12 வோல்ற்றில் நேரடியாக இயங்கும் சுற்றுகள் இங்கேதான் தோற்றுப்போகின்றன. தெற்காசியாவெங்கும் புழங்கிய சான்யோவின் எல்ஏ4440 சிப், இரு பகுதிகளையும் பிரிட்ஜ் முறையில் இணைத்தாலும் 4 ஓமில் 19 வாற்று அளவே தரும். கார் அம்ப்ளிஃபயர்களில் அழுத்தத்தை உயர்த்தும் சுற்று உள்ளேயே உண்டு. ஆனால் வீட்டில் அவற்றுக்குப் பெரும் ஓட்டம் தரும் 12 வோல்ற்று சப்ளை தேவை. இப்போது மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்-டி பலகைகள் குறைந்த வெப்பத்தில் இந்த வேலையைச் செய்கின்றன. பலகைக்கேற்ற சப்ளையைக் கொடுத்தால் போதும்.

இணைத்தபின் வயரின் இரு முனைகளையும் ஒருமுறை மாற்றிக் கேட்க வேண்டும். மற்ற ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் சேரும் மீடிறனில் எந்தப் பக்கம் பேஸ் கூடுதலாகக் கேட்கிறதோ, அதுவே சரியான இணைப்பு.