கும்பகோணத்து மாணவரும் எஃப்.ஏ. தேர்வும்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டிற்கு ஆறுதல் சொல்ல வருவோர் ஒரு பெயரைத் தவறாமல் சொல்வர். "கணித மேதை இராமானுஜனே தேர்வில் தோற்றவர்தாமே!" என்பர். நாமும் ஒருமுறை ஒரு தந்தையிடம் அவ்வாறே சொல்லியிருக்கிறோம். பின்னர் அவருடைய வரலாற்றை ஊன்றிப் படித்தபோதுதான், நாம் சொன்ன ஆறுதல் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கிற்று. நம்முடைய காவிரிக் கரையில், நாம் அடிக்கடி போய்வரும் ஊரில் நடந்த அவ்வரலாற்றை முழுமையாக அறிந்துகொள்வது நலம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். 1898இல் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சிறுவர், 1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசைப் பெற்றார். முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தக்கவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பாராட்டினார். உதவித்தொகையும் கிடைத்தது. அதனைக் கொண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் பெற்ற கல்லூரி அது. எஃப்.ஏ. என்பது இரண்டாண்டுப் படிப்பு. இன்றைய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் இடத்தில் அன்று இருந்தது.

தடுக்கி விழுந்தது இவ்விடத்தில்தான். கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று பள்ளி நாள்களிலேயே அவர் கைக்குக் கிடைத்திருந்தது. ஆயிரக்கணக்கான கணித முடிபுகள் அடங்கிய அந்நூலில் மூழ்கியவருக்கு மற்றப் பாடங்கள் கண்ணில் படவில்லை. ஆங்கிலமும் உடலியலும் கிரேக்க, உரோமானிய வரலாறும் நடந்துகொண்டிருக்கையில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய். அது தந்தையாரின் ஏறத்தாழ ஒன்றரை மாதச் சம்பளம். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டில், பதினேழு வயதுப் பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு இரயிலேறிவிட்டார்.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்தார். நோயுற்று ஊர் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் எழுதிய தேர்வில் தோல்வி; 1907இல் தனித்தேர்வராக எழுதியதிலும் தோல்வி. ஒரு பாடத்தில் தவறினாலும் முழுத்தேர்விலும் தவறியதாகக் கொண்ட காலம் அது. அதன்பின் அவர் பட்டவற்றைத்தான் ஆறுதல் சொல்வோர் விட்டுவிடுகின்றனர். பட்டமில்லை, வேலையில்லை. கல்லூரி மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்கலாமென்று முயன்றார். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அவருக்கு வரவில்லை. கணக்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். 1910இல் இராமசுவாமி ஐயர் என்னும் கணித ஆர்வலர் அவரை அடையாளம் கண்டார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்திற்குப் பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

உதவித்தொகை நின்றதிலிருந்து வேலை கிடைக்கும் வரை ஏழு ஆண்டுகள். முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்தவருக்கு அந்த ஏழாண்டு எவ்வளவு பெரியது! ஆகவே இராமானுஜன் தோற்றும் வென்றார் என்று சொல்வது பாதி உண்மைதான். அவரைப் போலத் தோற்று, இராமசுவாமி ஐயர் எதிர்ப்படாமற் போனவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவருக்கு அறிவில் குறைவில்லை. ஓரிரு பாடங்களில் கை கொடுக்க ஆளில்லை. மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து ஆங்கிலக் கட்டுரை எழுதச் செய்த ஒருவர் 1905இல் அவருக்கு இருந்திருப்பாரானால், அக்குடும்பம் பட்ட துயரில் பெரும்பகுதி இல்லாது போயிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. அது போய்ப் பி.யூ.சி. வந்தது, 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்திற்கே வந்துவிட்டது. இன்று ஒரு பாடத்தில் தவறியவர் அப்பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம். விடைத்தாளின் நகலைப் பெற்றுப் பார்த்து, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டிற்கோ விண்ணப்பிக்கலாம். இராமானுஜனுக்கு இல்லாத இவ்வசதிகள் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளை மதிப்பெண் குறைந்துவிட்டான் என்று வருந்தும் பெற்றோரிடம் எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் குறைந்தான் என்று கேட்டால், பெரும்பாலும் விடை வருவதில்லை. காலாண்டுத் தேர்வின் விடைத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்த தந்தையர் மிகச் சிலரே.

தந்தையரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் பகுதியின் வரலாறே அப்படி. முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அடுத்த தலைமுறை சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிற்று. சபுராளியின் வீட்டில் பிள்ளையின் படிப்பு தாயின் தலையில் விழுகிறது. தந்தையோ தொலைபேசியில், "நல்லாப் படிக்கிறியா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார், பிள்ளையும் "படிக்கிறேன் அத்தா" என்று ஒரு வார்த்தை சொல்கிறான். பதினேழு வயதில் பாஸ்போர்ட் எடுத்துவிட்ட பையனுக்கு வேதியியல் பாடம் ஏறுவது கடினந்தான். மழைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. படிப்பு முற்றும் வேளையான கார்த்திகையில்தான் டெல்டாவில் வெள்ளமும் புயலும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது தென்னையும் கூரையும் போயின. மின்சாரம் வரப் பல நாள்கள் ஆயிற்று. அவ்வாண்டுப் பிள்ளைகளும் அடுத்த மார்ச்சில் அதே பொதுத்தேர்வைத்தான் எழுதினார்கள்.

இத்தகைய இடர்கள் நடுவிலும் நம் பெரியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் எழுந்தன. கல்லூரி தொலைவில் இருக்கிறது என்ற குறையை அவர்கள் நீக்கினார்கள். அந்த வாசலுக்குள் நுழையக் கேட்கும் மதிப்பெண்ணை இன்றைய பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது நம் தலைமுறையின் பங்கு.

அதற்கு ஒரு வழி நம் மதரஸாக்களிலேயே இருக்கிறது. ஹிஃப்ளு ஓதும் சிறுவன் புதுப் பாடமாகிய சபக்கை மட்டும் ஒப்புவித்துவிட்டு எழுந்துபோக முடியாது. சென்ற சில நாள்களின் பாடத்தையும், முன்பு முடித்த ஜுஸ்உகளில் ஒரு பகுதியையும் அன்றே பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும். திணறும் இடத்தில் உஸ்தாத் திருத்துவார். மறுநாள் அவ்விடத்தையே மீண்டும் கேட்பார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் மனத்தில் நிற்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் இருவர், ரோடிகர், கார்பிக்கி என்போர், 2006இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்களாம். அதனால்தான் நம் பிள்ளைகள் வாசித்ததையே படித்ததாக எண்ணி ஏமாறுகின்றனர். குர்ஆனைச் சுமக்கும் பிள்ளைக்கு நாம் செய்கிறதை, இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு ஏன் செய்வதில்லை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்கிறோம். பொருள் புரியாமல் ஒப்புவித்தால் கணக்குப் பாடம் வாராது என்பதையும் மறைக்கவில்லை. அதற்குப் பாடம் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

நம் பள்ளிவாசலின் மக்தப் கூடம் இஷாவுக்குப் பின் காலியாகத்தான் கிடக்கிறது. விளக்கும் விசிறியும் உண்டு. ஜமாஅத்தில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு பாடம், வாரத்தில் இரண்டு நாள் என்று ஏற்றுக்கொண்டாலே போதும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர்களைக் கொண்டு தனியே ஏற்பாடு செய்யலாம் என்பதை நிர்வாகத்தாரிடம் தெரிவித்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வந்ததும், மதிப்பெண் எதுவாயினும், அதனை எடுத்துக்கொண்டு பிள்ளையும் பெற்றோருமாக வாருங்கள். தந்தை வெளிநாட்டில் இருந்தால் மாமாவோ பெரியத்தாவோ வரலாம்.