கொம்பனித் தெருவின் வாடகைச் சிட்டைகள்

மகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று ஊரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் எங்கே தங்குவாள் என்ற யோசனை மறுநாள் சுபஹுக்குப் பிறகுதான் வந்தது. கணவரை இழந்த என் ராத்தா துணைக்கு வரச் சம்மதித்தார். இருவருக்கு ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. ஓர் ஆசிரியனின் சம்பளம் தாங்கக்கூடிய வாடகை. எமது தேவை இவ்வளவுதான்.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான்கு வெள்ளிக்கிழமைகள் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தேன். பம்பலப்பிட்டியில் காட்டிய அனெக்ஸ் ஒன்றுக்கு மாதம் 45,000 ரூபா. ஒரு வருட வாடகை முன்கூட்டியே வேண்டும் என்றார் தரகர். மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம். இன்னோரிடத்தில் தொலைபேசியில் பேசும்போது வீடு காலியாக இருந்தது. என் பெயரைச் சொன்னதும் அது நிரம்பிவிட்டது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம்மவர் பலருக்கு இது பழகிப்போன அனுபவம்.

அந்தக் கசப்போடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பன் அப்போது தொலைபேசியில் அழுதான். நான் ஆறுதல் சொன்னேன். பத்திரிகையை மடித்து வைத்தேன். என் வேலையைப் பார்த்தேன். தங்க இடமில்லை என்று ஒருவனிடம் சொல்வதன் பொருள் எனக்கு விளங்க இன்னும் பதினேழு வருடங்கள் வேண்டியிருந்தன.

மூன்றாவது சனிக்கிழமை கால்கள் தாமாகவே கொம்பனித் தெருவுக்குச் சென்றன. என் பெரிய வாப்பா 1958இல் துறைமுகத்தில் வேலை கிடைத்து வந்து குடியேறிய இடம் அது. ரைபிள் வீதிக்குப் பக்கத்தில் ஓர் ஒழுங்கை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பொதுக் குழாய், பொது மலசலகூடம். சின்ன வயதில் பாடசாலை விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். அந்த ஒழுங்கையை இம்முறை காணவில்லை. அதன் இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டிடம் ஒன்று நின்றது.

அந்த இடத்தின் வரலாறே குடியமர்த்தப்பட்டவர்களின் வரலாறுதான். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர். கம்பனியின் பெயரால் நமக்கு அது கொம்பனித் தெரு. பின்னர் பிரித்தானியரின் மலாய்ப் படையினர் அங்கே வாழ்ந்தார்கள். 1873இல் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்ட பின்னும் மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்கள் நிலைத்தன. 1786 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட வேகந்தைப் பள்ளிவாசலும் நிலைத்தது.

துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நடப்பட்டு, 1885இல் வேலை முடிந்தது. காலியைப் பின்தள்ளிக் கொழும்பு பெருந் துறைமுகமானது. தொழில் தேடி வந்தவர்களுக்காக முதலாளிமார் வரிசை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். 'தோட்டம்', 'வத்தை' என்று நாம் சொல்லும் குடியிருப்புகள் இப்படிப் பெருகின. நெரிசலையும் நோயையும் கண்ட அரசு 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1921இல் பட்ரிக் கெடிஸ் நகரத் திட்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்தார்.

வாடகைக்கு வேலி போட்டது இரண்டாம் உலகப் போர். 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1948இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம், 1972இல் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். மாநகர சபையின் மதிப்பீட்டை ஒட்டி வாடகை வரையறுக்கப்பட்டது; நினைத்தபடி குடியிருப்பாளரை எழுப்ப முடியாமற் போனது. 1973இல் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் தங்கி வாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டிய அளவு வீடுகளையே வைத்திருக்கலாம், மிகுதி அரசுக்கு.

பெரிய வாப்பாவின் வாடகை மாதம் 22 ரூபா. வீட்டுக்காரி ஒரு மலாய் விதவை. அவருக்கு அங்கே மூன்று வீடுகள். மாத வருமானம் 66 ரூபா. எழுபதுகளில் விலைகள் ஏறின, அவருடைய 66 ரூபா ஏறவில்லை. கூரையைத் திருத்தப் பணமில்லை என்றார் அவர். திருத்தாத வீட்டுக்கு மேலும் தர மாட்டேன் என்றார் பெரிய வாப்பா. எழுப்பி விடும் எண்ணத்தில் அவர் வாடகையை வாங்க மறுத்தார். சட்டம் இடம் கொடுத்தபடி பெரிய வாப்பா மாதாமாதம் மாநகர சபைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிச் சிட்டை வாங்கி வந்தார். ஒரே ஒழுங்கையில் இரண்டு ஏழைகள் சட்டத்தின் இரு கரைகளில் நின்றார்கள். மழைக்காலத்தில் எங்கள் பாய்க்கருகே வாளி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. கட்டுப்பாடு குடியிருப்பாளனைக் காத்தது, கூரையைக் காக்கவில்லை.

1980 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாண்டு ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. பழைய குடியிருப்பாளருக்கு 22 ரூபா, புதியவருக்குச் சந்தை விலை. அதன் பின் வீடு தேடி வந்த தலைமுறைக்கு வேலி இல்லை, எனக்கும் இல்லை.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித் தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. சில வருடங்களில் எங்கள் ஒழுங்கையின் முறையும் வந்தது. பெரிய வாப்பா அதைக் காண உயிரோடு இல்லை. அவருடைய மகன், என் காக்கா முறையானவர், தெமட்டகொடைப் பக்கம் மாடி வீடொன்றுக்குப் போனார். சுமார் 400 சதுர அடி. அங்கே அவரைத் தேடிப் போனபோது ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே வாப்பாவின் சிட்டைகள், வருட வாரியாக நூலால் கட்டியபடி.

"இதைக் காட்டித்தான் தம்பி இந்த வீடாவது கிடைச்சுது. சிட்டை இல்லாதவங்க எத்தனையோ நாள் அலைஞ்சாங்க" என்றார்.

நம்மவர் வரலாறு எழுதும்போது பள்ளிவாசல், பாடசாலை, தனவந்தர் என்று எழுதுகிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் ஒரு நகரத்தில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கு அந்தத் தகரத்திலிருந்த மஞ்சள் கடதாசிகளும் சாட்சி. எத்தனை வீடுகளில் அவை கறையானுக்குப் போயிருக்கும்!

காக்காவின் முயற்சியால் மாளிகாவத்தை மாடி வீடொன்றில் ஓர் அறை கிடைத்தது. 24,000 ரூபா, மூன்று மாத முற்பணம். ஒப்பந்தத்தை மகளுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். எழுத்து மூலம் குத்தகைக்கு விட்ட இடத்தை விரைவாக மீட்க உரிமையாளருக்கு வழிசெய்யும் சட்டம் 2023இல் வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"வங்கியில போடுறீங்கதானே சேர், சிட்டை எதுக்கு?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சிட்டைப் புத்தகம் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். முதற் சிட்டையை மகள் வாங்கிப் பத்திரப்படுத்தினாள்.