வயலையும் காத்து ஒளியையும் பெறுவோம்

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவதை எவரும் எதிர்க்கப் போவதில்லை. ஆனால், அதற்கான நிலம் யாருடையது என்ற வினா எழும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், தாம் பயிர்செய்த நிலம் சூரிய மின் திட்டங்களுக்கு வழங்கப்படுவதை எதிர்த்து 2025ஆம் ஆண்டில் வீதியில் இறங்கிப் போராடியதை நாம் அறிவோம். 2030ஆம் ஆண்டளவில் மின் தேவையின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்பது நாடு வகுத்துள்ள இலக்கு. அந்த இலக்கின் சுமை ஏழைக் கமக்காரனின் தலையில் இறங்குவது நியாயமாகாது.

தரையில் ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பதற்கு ஏறத்தாழ நான்கு ஐந்து ஏக்கர் நிலம் தேவைப்படுகின்றது. இதற்கு மாற்றாக உலகம் கண்டடைந்த வழிகளுள் ஒன்றே மிதக்கும் சூரிய மின்நிலையமாகும். காற்றடைத்த பிளாஸ்டிக் மிதவைகளின் மீது சூரியத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. அவை அலைந்து செல்லாதவாறு நங்கூரங்களாலும் வடங்களாலும் பிணைக்கப்படுகின்றன. வெப்பம் ஏற ஏறத் தகடுகளின் மின் உற்பத்தி குறையும். நீரின் குளிர்மை இவ்விழப்பைக் குறைக்கின்றது. தகடுகளின் நிழல் நீர் ஆவியாவதையும் மட்டுப்படுத்துகின்றது.

2007ஆம் ஆண்டில் ஜப்பானில் சிறு பரிசோதனையாகத் தொடங்கிய இம்முறை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலுள்ள சிராட்டா நீர்த்தேக்கத்தில் 192 மெகாவாட் நிலையம் 2023 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கம் ஏற்கனவே நீர்மின் நிலையமொன்றைக் கொண்டதாகும். தாய்லாந்தின் சிரிந்தோர்ன் அணைக்கட்டில் 2021 முதல் பகலில் சூரியனும் ஏனைய வேளைகளில் நீரும் மின் தருகின்றன. நீர்மின் நிலையத்தின் மின்கம்பிகளையே பயன்படுத்த முடிவதால் செலவும் குறைகின்றது. நீர்மின் நிலையங்கள் பல கொண்ட நமது நாட்டிற்கு இதில் நல்ல படிப்பினை உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நோர்வேயின் உதவியுடன் 2020ஆம் ஆண்டிலேயே இதற்கான பரீட்சார்த்த முயற்சி தொடங்கப்பட்டது.

எனினும், இம்முறையும் குறைகளற்றதல்ல. மிதவைகளும் நங்கூரங்களும் ஆரம்பச் செலவைக் கூட்டுகின்றன. ஜப்பானின் யமாகுரா அணைக்கட்டில் அமைந்த மிதவை நிலையம் 2019 செப்டெம்பரில் வீசிய சூறாவளியில் சிதைந்து தீப்பற்றியது. சூறாவளி அபாயமுள்ள கிழக்கு மாகாணம் இதனை மறத்தலாகாது. உலர் வலயக் குளங்கள் கோடையில் வற்றுவன. நீர் மட்டம் தாழும்போது மிதவைகள் சேற்றில் அமர்ந்துவிடக்கூடும். பெரும்பரப்பை மூடினால் நீருக்குள் ஒளி குறைந்து, ஒட்சிசனும் மீனினமும் பாதிக்கப்படலாம்.

அனைத்திற்கும் மேலாக, குளம் வெற்றிடமன்று. இரணைமடுவானாலும் கந்தளாயானாலும், அதன் நீரை நம்பி விதைப்போரும் வலை வீசுவோரும் இருக்கின்றனர். நிலத்தை இழந்த கமக்காரனின் இடத்தில் நீரை இழந்த மீனவனை நிறுத்துவது தீர்வாகாது. ஆகவே, மிதவைகள் நீர்ப்பரப்பின் சிறு பகுதிக்குள் மட்டுப்படுத்தப்படல் வேண்டும். முதலில் ஆழமான நீர்மின் தேக்கங்களைத் தெரிவுசெய்வதே உகந்தது. கமக்கார அமைப்புகளினதும் நன்னீர் மீனவர் சங்கங்களினதும் சம்மதம், ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னரே பெறப்படல் வேண்டும்.

சூரியன் எல்லோருக்கும் பொதுவானவன். அவனது ஒளியை மின்சாரமாக்கும் முயற்சியில் தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ, எந்தவொரு கமக்காரரும் தம் வாழ்வாதாரத்தை விலையாகக் கொடுக்கும் நிலை வரலாகாது. திட்டத்தின் வரைபடம் மேசையில் இருக்கும்போதே மக்களின் குரலுக்குச் செவிசாய்க்குமாறு அதிகாரிகளை நாம் வேண்டுகின்றோம்.