இரு மரபும் ஒரு விசைப்பலகையும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரத் திருச்சபைப் பாடகர் குழுக்களின் இசை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிபாட்டில் ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டும், இராகதாளத்தில் அமைந்த கீர்த்தனையும் அருகருகே வழங்கி வருகின்றன. வேறுபட்ட இலக்கணம் கொண்ட இவ்விரண்டையும் ஒரே ஆராதனையில், ஒரே கருவியில் இசைக்கும் பொறுப்பு ஆர்கன் வாசிப்பவரைச் சார்ந்தது. தோல் தொழிலால் அறியப்படும் வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, அவரும் பாடகர் குழுவும் வெறும் துணையிசையாளர் அல்லர், ஏட்டில் ஏறாத மெட்டுகளின் காப்பாளர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஞானப்பாட்டு, கீர்த்தனை, ஆர்கன், பாடகர் குழு, ஆற்காடு மிஷன், லுத்தரன் திருச்சபை.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியர்களையும் பாடல் நூல்களையும் சுற்றியே அமைந்துள்ளன. அப்பாடல்களை வாரந்தோறும் ஒலிக்கச் செய்தவர்கள் பற்றிய பதிவுகள் குறைவு. ஆலயக் குறிப்பேடுகளில் ஆயரின் பெயரும் காணிக்கைத் தொகையும் இடம்பெறும். எந்த மெட்டில் பாடப்பட்டது என்பது இடம்பெறுவது அரிது. இவ்விடைவெளியே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட இவ்வட்டாரம் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. திருச்சபை வரலாற்றில் இது இரு வேறு மிஷன்கள் அருகருகே பணியாற்றிய நிலப்பகுதி. ஆகவே இரு பாடல் மரபுகளையும் ஒப்பிட்டு நோக்க இது ஏற்ற களமாகிறது.

இரு மிஷன்கள், இரு பாடல் மரபுகள்

வேலூர்க் கோட்டைக்குள் உள்ள புனித யோவான் ஆலயம் 1846-இல் கட்டப்பட்டது. அது கம்பெனிப் படையினருக்கான ஆங்கில ஆலயம். தமிழ்ச் சபைகளின் இசை வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853-இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை அமைத்தனர். ஆங்கிலக் கல்வியைக் காட்டிலும் தாய்மொழிப் போதனைக்கே முதன்மை தருவது அதன் தொடக்ககாலக் கொள்கையாக இருந்தது. அதே 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் பல அடங்கிய கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். இரு மிஷன்களும் அப்போது ஒரே அமெரிக்கத் தலைமைச் சங்கத்தின் கீழ் இருந்தவை. தாய்மொழிப் போதனையை முன்னிறுத்திய ஒரு மிஷனுக்கு, தெருவிலும் திண்ணையிலும் பாடத்தக்க கீர்த்தனை மிகப் பொருந்திய வடிவமாயிற்று எனக் கருதலாம்.

ஆம்பூர்ப் பகுதியின் பின்புலம் வேறு. முன்பு லைப்சிக் மிஷனில் இருந்த தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் ஆகியோர் அமெரிக்க மிசௌரி லுத்தரன் திருச்சபையின் சார்பில் 1895-இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினர். அப்பணி பின்னர் ஆம்பூருக்கும் பரவியது. லுத்தரன் மரபில் சபையார் அனைவரும் கூடிப் பாடும் ஞானப்பாட்டு வழிபாட்டின் உயிர்ப்பகுதி. ஜெர்மானிய மெட்டுகளுக்கு ஏற்பத் தமிழாக்கப்பட்ட பாடல்களை 1774-இல் நூலாக்கிய பப்ரிசியுஸ் வழி வந்த செல்வம் அது.

பிற்காலத்தில் ஆற்காடு மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன; வேலூர்ப் பேராயம் 1976-இல் தனியே உருவாயிற்று. ஆம்பூர்ச் சபைகள் 1958-இல் தன்னாட்சி பெற்ற இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் அமைந்தன. நிருவாகம் இரண்டாயினும், இரு பக்கத்தினரும் இருவகைப் பாடல்களையும் பாடினர்.

யாப்பும் மெட்டும்

கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைவது. எதுகையும் மோனையும் தாளத்தோடு இயைந்து வருவது. ஐரோப்பிய மெட்டுக்கு எழுதப்பட்ட பாட்டிலோ மெட்டு முந்தியது, சொல் பிந்தியது. இதனால் குறில் நிற்க வேண்டிய இடத்தில் நீண்ட சுரமும், சொல்லின் நடுவே மூச்சு நிறுத்தமும் நேர்வதுண்டு. தேர்ந்த ஆர்கனிஸ்ட் இவ்விடங்களில் சுரத்தைச் சற்றே இணைத்தோ விடுத்தோ வாசித்துச் சொல்லின் வடிவத்தைக் காக்கிறார். அச்சிட்ட இசைக்குறிப்பில் இவ்வறிவு இல்லை. தமிழ் அறிந்த விரல்களில்தான் உள்ளது.

விசைப்பலகையில் கீர்த்தனை

ஆலயங்களில் முதலில் பரவியவை காலால் மிதித்துக் காற்றூட்டும் சிறு ஆர்கனும் ஆர்மோனியமும் ஆகும். 1875-இல் கொல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் உருவாக்கிய கையால் இயக்கும் ஆர்மோனியம், விலையாலும் எடையாலும் சிற்றூர்ச் சபைகளுக்கு எட்டக்கூடியதாயிற்று.

ஆனால் நிலைத்த சுரங்களைக் கொண்ட விசைப்பலகை கமகத்துக்கு இடந்தராது. இதே காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அவ்விலக்கு 1971-இல்தான் தளர்ந்தது. சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து, 24 எனக் கணக்கிட்டு நிறுவ முயன்ற ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917) ஒரு தமிழ்க் கிறித்தவரிடமிருந்து தோன்றியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வானொலி நிலையம் கருவியை விலக்கித் தீர்வு காணலாம். ஆலயத்தில் அதற்கு வழியில்லை. ஆர்கனிஸ்ட் அக்கருவியிலேயே தீர்வு தேட வேண்டியிருந்தது.

சங்கராபரணக் கீர்த்தனையில் சிக்கல் குறைவு. அதன் சுர வரிசை மேனாட்டு மேஜர் வரிசையோடு ஒத்திருப்பதால், கூட்டுச் சுரங்களையும் நால்வகைக் குரல் அமைப்பையும் அதில் எளிதில் சேர்க்கலாம். ஆனந்தபைரவியிலும் தோடியிலும் நிலை வேறு. அவற்றின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது. அதன்மேல் நிலையான கூட்டுச் சுரம் வைத்தால் இராகம் சிதையும். ஆகவே அவ்விடத்தில் இடக்கையால் சட்ச பஞ்சமத்தை மட்டும் தாங்கி, வலக்கையால் மெட்டை ஒற்றையாகப் பின்தொடர்ந்து, அசைவைப் பாடகர் குரலுக்கு விட்டுவிடுவது ஏற்ற முறை. எங்கே வாசிக்காமல் இருப்பது என்று அறிவதே இங்குக் கலை.

தாளத்திலும் இதுவே உண்மை. ஆதிதாளம் நான்கெண்ணிக்கை நடைக்குள் அடங்கிவிடும். ரூபகத்தை மேனாட்டு மூன்றெண்ணிக்கை நடையில் வாசித்தால் அழுத்தம் இடம் மாறி, பாடல் நடனமெட்டாக ஒலிக்கிறது. மூன்றும் நான்குமாகப் பிரியும் மிச்ரசாபு எந்தப் பக்கமும் அடங்குவதில்லை.

பயிற்சியும் பரிமாற்றமும்

ஊர்ப்புறச் சபைகளில் பாட்டைத் தொடங்கியவர் பெரும்பாலும் மிஷன் பள்ளி உபாத்தியாயர். அவரே உபதேசியாராகவும் இருந்தார். இராணிப்பேட்டை, வேலூர் போன்ற ஊர்களின் விடுதிப் பள்ளிகள் அடுத்த தலைமுறைப் பாடகரை, குறிப்பாகப் பெண் பாடகரை, உருவாக்கின. டோ ரே மீ என்னும் சொல்பா முறை தென்னிந்தியச் சபைகளில் எளிதில் வேரூன்றியதற்கு, ச ரி க ம என்று பாடிப் பழகிய செவி ஒரு காரணம் எனலாம்.

இங்கு ஓர் அடிப்படை உண்மையை வலியுறுத்த வேண்டும். கீர்த்தனை நூல்கள் பொதுவாகப் பாடலின் தலைப்பில் இராகப் பெயரையும் தாளப் பெயரையும் மட்டுமே தருகின்றன, சுரக்குறிப்பு இல்லை. எனவே மெட்டு நூலில் இல்லை, பாடகர் குழுவின் நினைவில் உள்ளது. ஒரே கீர்த்தனை திருநெல்வேலியில் ஒரு மெட்டிலும் வேலூரில் வேறொரு மெட்டிலும் ஒலிப்பது இதனால்தான். ஒரு மூத்த ஆர்கனிஸ்ட் மறையும்போது அவரோடு ஒரு பாடவேறுபாடும் மறையக்கூடும்.

ஆலயத்துக்கு வெளியே நின்ற இசை

இவ்வட்டாரத்தின் ஊர்ப்புறச் சபையாரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் உழைத்தோர் பலர். அவர்தம் சமூகத்தின் பறை, அடிமைத் தொழிலின் அடையாளமாகக் கருதப்பட்டு, நெடுங்காலம் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஜெர்மானிய மெட்டுக்கும் தஞ்சை இராகத்துக்கும் கிடைத்த இடம் ஊரின் சொந்த இசைக்குக் கிடைக்கவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதனைக் கடுமையாக வினவி, நாட்டார் இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். ஆகவே 'இரு மரபு' என்னும் சொல்லாட்சியே ஒரு விலக்கலின் விளைவு என்பதை இவ்வாய்வும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் ஆர்கனை அந்நியக் கருவி என்று மட்டும் ஒதுக்குவதும் முழு உண்மையாகாது. இசை பயிலும் வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு ஆலயத்தின் விசைப்பலகை வழியே திறந்தது.

முடிவுரை

இன்று மின்னணு விசைப்பலகை ஏறத்தாழ எல்லா ஆலயங்களிலும் உள்ளது. அதில் முன்பதிவான தாளங்கள் மிச்ரசாபுவை மெல்ல ஓரங்கட்டுகின்றன. ஒலிப்பதிவில் பரவும் ஒரே மெட்டு ஊர்தோறும் இருந்த வேறுபாடுகளை அழிக்கிறது. மூத்த ஆர்கனிஸ்டுகளையும் பாடகர்களையும் நேரில் கண்டு, ஒவ்வொரு கீர்த்தனையின் வட்டார மெட்டையும் ஒலிப்பதிவு செய்து சுரப்படுத்துவது உடனடித் தேவை. பாடலின் சொல்லைக் காக்க நூலகங்கள் உள்ளன. மெட்டைக் காத்து வருவோர் பாடகர் குழுவின் இருக்கைகளில் அமர்ந்திருக்கும் சிலரே. அவர்கள் இருக்கும்போதே அப்பணி நடந்தாக வேண்டும்.